இன்னும் ஒராளு வரட்டும்

நாடாளுமன்றத்தில் பேசக் கூப்பிட்டும் பேசாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பயத்தில் நின்றிருப்பார்கள், கொண்டுவந்த காகிதத்தைக் காணாமல் நின்றிருப்பார்கள். ஆனால், "ஆளு சேரட்டும், அப்பால பேசறேன்" என்று சொல்லிவிட்டு நின்றவர், இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளிலிருந்து எங்கள் ஒராளு அண்ணன் ஒருவர்தான். சந்தேகம் இருப்பவர்கள் என்னோடு வாதத்துக்கு வரலாம். நான் அங்கே இருந்தேன். கொலைப் பசியில் இருந்ததால் எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெற்றோர் வைத்த பெயர் ஓட்டு மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஒராளு அண்ணன். கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் சின்ன ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்து ஆரணி வழியாகப் பெரியபாளையம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். "இன்னும் ஒராளு, ஒரே ஒராளு, ஏறுனா எடுத்துருவேன்!" என்று கூவுவார். உள்ளே ஏற்கெனவே ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருக்கும். அந்த ஒராள் வந்து ஏறியதும் அடுத்த ஒராளைக் கூப்பிட ஆரம்பிப்பார். "எடு ண்ணா, எடு ண்ணா" என்று பின்னாலிருந்து கெஞ்சுவோம். கேட்டால், "காலி வண்டி ஓட்டறதும் காலி ஊட்ல விருந்து வெக்கறதும் ஒண்ணு நைனா" என்பார்.

இது தொழிலுக்காக வந்த பழக்கம் இல்லை, பிறவிக் குணம். பெரியபாளையம் கோயிலில் நடந்த அவருடைய கல்யாணத்தில், தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தாய்மாமன் ஒராள் வரவில்லை. மேளக்காரர் கெட்டிமேளம் அடித்து அடித்துக் கை ஓய்ந்து டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் மணப்பெண் கன்னியம்மா அக்காதான் தலையை நிமிர்த்தி, "இப்ப கட்டப்போறியா, இல்ல நான் பஸ் ஏறட்டா?" என்று கேட்டிருக்கிறார். உடனே கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் பயப்படுகிற ஆள் உலகத்தில் கன்னியம்மா அக்கா மட்டும்தான்.

இப்படிப்பட்டவர் எம்.பி. ஆனது தனிக் கூத்து. அதற்கு முன் ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். கட்சியில் இரண்டு பெரிய புள்ளிகள் சீட்டுக்காக முட்டிக்கொண்டார்கள். இருவரையும் சமாதானப்படுத்த, யாருக்கும் ஆகாதவன் என்று பேர் வாங்காத ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேருடைய ஆட்களையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவர் என்ற தகுதியில் அண்ணனுக்குச் சீட்டு வந்தது. பிரசாரத்திலும் ஆள் சேராமல் வாயைத் திறக்க மாட்டார். மைக் முன்னால் சும்மா நிற்பார். இவர் எப்போதுதான் பேசுவார் என்று பார்ப்பதற்காகவே எதிர்க்கட்சிக் கூட்டத்திலிருந்து ஜனம் எழுந்து வந்தது. ஜெயித்துவிட்டார்.

நான் அப்போது எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, வேலை தேடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். "என் ஆட்டோல இங்கிலீசு பேப்பரு படிச்சவன் நீ ஒத்தன்தான் நைனா. டெல்லிக்கு வந்துரு" என்றார். பேப்பரில் நான் பார்த்துக்கொண்டிருந்தது கிரிக்கெட் ஸ்கோர் என்று அவரிடம் சொல்லவில்லை. உதவியாளர் ஆகிவிட்டேன்.

கன்னியம்மா அக்கா மட்டும் டெல்லிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் அவருக்கு வேலை. "எம்.பி. வேல அஞ்சு வருசம். கேன்டீன் வேல என் காலு நடக்கற வரிக்கும் இருக்கும். எதை உடறது?" என்று கேட்டார்.

ஆனால் சிக்கலே அந்தக் காலில்தான் இருந்தது. எங்களுக்கு ஊர் இந்தப் பக்கம், கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் தண்டவாளம். கூட்ஸ் வண்டி ஒன்று சிக்னலுக்கு நின்றுவிட்டால், எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்று பெண்கள் சாப்பாட்டுப் பையை முதலில் தள்ளிவிட்டு, குனிந்து, பெட்டிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போவார்கள். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். ஒரு நாள் அவர் பாதி புகுந்திருக்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியிருக்கிறது. பின்னால் நின்ற பெண் சேலையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். "பாதிலயே எழுந்துக்க முடியல நைனா அவளால. முட்டி புடிச்சிக்கிச்சாம்" என்று அண்ணன் தன் முழங்காலைப் பிடித்துக் காட்டினார். "எனக்கு வேற ஒண்ணியும் வாணாம். அங்க ஒரு நடைபாலம். அது வந்துட்டா நான் போட்ட ஓட்டெல்லாம் செரிச்சிரும்."

ஜனம் போட்ட ஓட்டு என்று திருத்தலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

டெல்லிக்குப் போயும் ஆள் மாறவில்லை. எங்களுக்கு அமர்த்திய காரில் நானும் அவரும் டிரைவரும் மட்டும் போவது அவருக்குப் பெரும் பேஜாராக இருந்தது. "இவ்ளோ பெரிய வண்டி, மூணு பேரு. ஊர்ல பாத்தா சிரிப்பானுங்க" என்று சொல்லி, பஸ் ஸ்டாப்பைக் கண்டால் நிறுத்தச் சொல்வார். வாட்ச்மேன், காய்கறி வாங்கப் போகிற அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர் என்று ஏற்றிக்கொள்வார். அவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாரும் சரியான இடத்தில்தான் இறங்கினார்கள். பல நாள் நான் டிரைவரின் கியர் மேல் உட்கார்ந்து நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறேன்.

பாலத்துக்காக நான் ஆங்கிலத்தில் ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். என் எம்.ஏ. முழுவதும் அதில் இருந்தது. அண்ணன் அதை மரியாதையாக வாங்கி, நான்காய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை அதற்கப்புறம் ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் தொகுதிக் குறைகளைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், குலுக்கலில் வந்தால்தான் வாய்ப்பு. பலநாள் காத்திருந்து ஒரு நாள் அண்ணன் பெயர் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. மதியச் சாப்பாட்டு வேளை. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள்.

"பேசுங்கள்" என்றது சபாநாயகர் இருக்கையிலிருந்து வந்த குரல்.

"ஆளு சேரட்டும் சார். அப்பால பேசறேன்."

மொழிபெயர்ப்பாளர் இதை என்னவென்று மொழிபெயர்த்தாரோ, முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். மறுபடியும் பேசச் சொன்னார்கள். "இருங்க சார், ரெண்டு பேரு வெளிய பேசிக்கினுகிறாங்க, வந்துருவாங்க" என்று வாசலைக் கை காட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பசியே போய்விட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி எங்கள் தொகுதியில் எல்லாப் போனுக்கும் போய்விட்டது. ஊத்துக்கோட்டை டீக்கடைகளில் டீயைவிடச் சூடாக ஓடியது என்று சொன்னார்கள். கன்னியம்மா அக்கா போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லை.

"இன்னாய்யா, அங்க போயும் ஸ்டாண்டுல நிக்கறியா?"

"காலி பெஞ்சிக்குப் பேசி இன்னா கன்னிமா பிரயோசனம்? யாரு கேப்பா?"

"காலியா இருந்தா ஏத்திக்கினு வரணும். ஸ்டாண்டுல வாய மூடிக்கினா நின்ன? கூவித்தானே ஏத்துன?"

போன் வைக்கப்பட்டது. அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "கரீட்டுதான நைனா" என்றார்.

மறுநாளிலிருந்து நாடாளுமன்ற உணவகம் எங்கள் ஸ்டேஷன் வாசலாகிவிட்டது. பாஷை தெரியாத குறையை ஒரு கரண்டியை வைத்துத் தீர்த்துக்கொண்டார். யாராவது எம்.பி. தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எதிரே போய் உட்காருவார். கரண்டியை மேசையில் நீளமாக வைப்பார். அது கூட்ஸ் வண்டி. இரண்டு விரலை மடக்கிக் கரண்டிக்கு அடியில் நடத்திக்கொண்டு போவார். அது கன்னியம்மா அக்கா. தொகுதியில் தண்டவாளம் உள்ள எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பீகார்க்காரர் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். ஒடிசாக்காரர் தன் கரண்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் ஊரில் இரண்டு வண்டி நிற்குமாம். நான் வெட்கத்தில் வேறு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச மாதம் கழித்து மறுபடியும் பெயர் வந்தது. அதே சாப்பாட்டு வேளை. ஆனால் இந்தத் தடவை அண்ணன் காலையிலேயே எழுந்துபோய், கரண்டி பார்த்த ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். எழுந்ததும் வழக்கம்போல ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். வண்டி நிறைந்திருந்தது.

"ஐயா, எங்க ஊர்ல ரயிலு நிக்குது. அதுல தப்பில்ல, ரயிலுன்னா நிக்கும். ஆனா அதுக்கு அடியில பொம்பளைங்க போறாங்க. என் ஊட்டுக்காரியும் போறா. அவ அந்தப் பக்கம் போய்ட்டேன்னு போன் பண்ணாதான் எனக்கு நாஷ்டா எறங்குது. தோ, இங்க ஒக்காந்துக்கினுகிற இவங்க ஊர்லயும் இதே கததான். எல்லாரையும் ஏத்திக்கினுதான் வந்துகிறேன். பாலம் கட்டிக் குடுங்க."

அவ்வளவுதான். ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஒருவர் எழுப்பும் குறையோடு மற்ற உறுப்பினர்களும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எந்தக் கட்சி, எந்த மாநிலம் என்று நான் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது. என் ஆங்கில உரை மேசைக் காலடியிலேயே இருந்தது நல்லதுதான் என்று அன்று நினைத்தேன்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. அளக்க வந்தார்கள், போனார்கள், மறுபடியும் அளக்க வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அண்ணன் ஆட்களை ஏற்றிக்கொண்டே இருந்தார். அவர் பதவிக்காலம் முடிய இருந்த சமயத்தில் பாலம் முடிந்தது.

திறப்பு விழா அன்று பாலத்தின் மேல் நிற்க இடமில்லை. அண்ணன் கத்திரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"சார், டைம் ஆச்சு" என்றார் ரயில்வே அதிகாரி.

"இன்னும் ஒராளு வரட்டும் சார்."

"எல்லாரும் வந்தாச்சே சார்?"

கூட்டத்திலிருந்து யாரோ, "எடு ண்ணா, எடு ண்ணா" என்று பழைய ஞாபகத்தில் கத்தினார்கள். ஒரே சிரிப்பு. அண்ணன் அசையவில்லை. அந்தப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில், கேன்டீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கன்னியம்மா அக்கா ஏறி வந்தார்.

"இன்னாத்துக்குய்யா இவங்கள வெயில்ல நிக்க வெச்சிக்கினுகிற?"

"நீ வரணும்ல."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். "பாலம் கேட்ட, சரி. இம்மாம் படி யாரு கேட்டது? முட்டி உட்டுப்போச்சு."

அண்ணன் சட்டென்று அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், இதுக்கு ஒரு சாய்தளம்..."

"சார், முதல்ல ரிப்பன்" என்று அதிகாரி கிட்டத்தட்ட அழுதார்.

அண்ணன் கத்திரிக்கோலை அக்காவின் கையில் கொடுத்தார். அவர் காய் நறுக்குகிற வேகத்தில் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, "ஊட்டுக்குப் போலாம், சோறு வெக்கணும்" என்றார். கீழே அப்போதும் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடியில் யாரும் இல்லை.

அண்ணன் இப்போது எம்.பி. இல்லை. சாய்தளத்துக்காக இன்றைய எம்.பி.யின் வீட்டு வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கரண்டியும் கூடப் போகிறது.

போன மாதம் ஆரணியில், டெல்லியிலிருந்து திரும்பிய பிறகு நான் எழுத ஆரம்பித்த கட்டுரைகளைப் பற்றி ஒரு சின்னக் கூட்டம். அறை நிறைந்துவிட்டது, ஆரம்பிக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். நான் மைக் முன்னால் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். பின்வரிசையில் இருவரை நகரச் சொல்லி நடுவில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்து, "எடு நைனா" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குப் பேச்சு வந்தது.