ரேடாருக்கு எலுமிச்சை மாலை

ஐம்பத்தொன்பது வயது வரை எந்தச் சாமி முன்னாலும் கைகூப்பாத சமுத்திரம், ஒரு காரை ஏமாற்றுவதற்காகப் பக்தரானார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். லடாக்கில் ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் பாதாளம், நடுவில் சமுத்திரம். ஓய்வு பெற்று வந்து ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பதினைந்து வருஷம் பஸ் ஓட்டினார். "ஏலே, ஸ்டியரிங் பிடிச்ச கை இது" என்று தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கைக்குக் கடைசியில் வாய்த்தது கரண்டில் ஓடும் கார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. ஏறி உட்கார்ந்த முதல் நாளே இடது காலுக்கு வேலை போய்விட்டது.

அந்தக் காரும் அவர் பெயரில் இல்லை. வாங்குவதற்கு முன் மம்சாபுரத்து ஜோசியரிடம் போனார்கள். முப்பத்தேழு வருஷம் வண்டி ஓட்டியே சோறு தின்ற மனிதரைப் பார்த்து, "உங்க ஜாதகத்துல வாகன யோகமே இல்லையே" என்றார் ஜோசியர். ஆகவே கார் மனைவி நாச்சியார் பெயரில் பதிவானது. காரின் செயலியும் அவள் போனில்தான் ஏறியது. வினை அங்கே ஆரம்பித்தது.

காருக்குக் கண்கள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, ரோட்டைப் பார்க்க. முன் பம்பருக்குள் ஒரு ரேடார், எதிரே இருப்பதை அளக்க. ஸ்டியரிங்குக்கு மேலே இன்னொரு கேமரா, சமுத்திரத்தையே பார்க்க. போதாததற்கு ஒரு பெண் குரல். கோடு தாண்டினால், "பாதையிலிருந்து விலகுகிறீர்கள்." வேகம் கூடினால், "வேகத்தைக் குறைக்கவும்." கண் சொருகினால், "சோர்வாக இருக்கிறீர்கள். ஓய்வு எடுக்கவும்." முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டிலிருந்து நாச்சியார் சொல்லிவந்தவைதான் எல்லாம். அவள் பயந்துகொண்டே சொன்னாள், கார் பயமில்லாமல் சொன்னது.

சொன்னதோடு விட்டாலாவது பரவாயில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு அம்மாள் கீரைக்கட்டோடு குறுக்கே வந்தாள். சமுத்திரம் வழக்கம்போல அரையடி இடைவெளியில் வளைத்துப் போக நினைத்தார். கார் அப்படி நினைக்கவில்லை. தானே பிரேக் போட்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "ஏலே, ஓட்டத் தெரியாட்டி வீட்ல இருக்க வேண்டியதுதானல!" என்று கத்திவிட்டுப் போனார். அன்று சமுத்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் நாச்சியார் போனோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த வாரம் உங்களுக்கு நாப்பத்தொண்ணு."

"என்ன நாப்பத்தொண்ணு?"

"மார்க்கு. நூத்துக்கு."

"எனக்கு எவன்ட்டி மார்க்குப் போடுதது?"

"வண்டிதான். கோடு தாண்டுனது பத்தொம்பது. திடீர் பிரேக்கு பன்னெண்டு. கண்ணு சொருகுனது நாலு."

"கண்ணு சொருகுச்சா? எனக்கா? ஏட்டி, நான் யோசிச்சுக்கிட்டுப் போனேன்."

"கண்ண மூடிக்கிட்டா யோசிப்பாக?"

இதில் ஒரு பெரிய காரியம் அடங்கியிருந்தது. மகள் மாரிக்கனியை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தை மாசம் அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் பிள்ளைத்தாய்ச்சியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வாசலில் நின்று பார்க்க, மகளைத் தன் கையால் ஓட்டிக் கூட்டிவர வேண்டும் என்பது சமுத்திரத்தின் ஆசை. அவள் பிறந்தபோது அவர் லடாக்கில் இருந்தார். அவள் சடங்குக்கு லீவு கிடைக்கவில்லை. இது ஒன்றாவது தன் கையால் நடக்கட்டும் என்று இருந்தார்.

"வளைகாப்பு வரைக்கும் மார்க்கு தொண்ணூறுக்குக் கீழ போகக்கூடாது. போச்சுன்னா ஆக்டிங் டிரைவர்தான்" என்றாள் நாச்சியார்.

"என் மகளுக்கு ஆக்டிங் டிரைவரா?"

"மகளுக்கு மட்டுமா? வயித்துல ஒண்ணு இருக்குல்ல."

சமுத்திரம் அன்றைக்கே தொண்ணூறுக்கு வழி தேட ஆரம்பித்தார்.

வழிகாட்டியது ஆயுத பூஜை. நாச்சியார் காரைக் கழுவி, முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, பம்பரில் எலுமிச்சை மாலை கட்டினாள். சமுத்திரம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். கோடு தாண்டினார், சத்தமில்லை. ஒரு மாட்டை உரசினாற்போலப் போனார், பிரேக் விழவில்லை. பயந்துபோய், காருக்கு சர்வீஸ் பார்க்கும் கௌதம்ராஜுக்குப் போன் போட்டார்.

"சார், மாலை ரேடாரை மறைக்குது. சந்தனம் கேமராவை மறைக்குது. வண்டிக்குக் கண்ணு தெரியல, அதான் பேசல. உடனே எடுத்துருங்க சார்."

"எடுத்துருதேன்பா" என்றார் சமுத்திரம். அந்த நிமிஷம் பிறந்தது பக்தி.

அதன்பிறகு மாலை ஒருநாள் வாடவில்லை. சந்தனம் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது. தன் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னால் வைக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கடையில் ஒரு பிள்ளையார் வாங்கினார். ஐந்தாறு பிள்ளையாரைக் கையில் எடுத்துப் பார்த்து, தொந்தி அகலமானவராகத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் இப்படியொரு பக்தரைக் கண்டதில்லை.

"ஏங்க, உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?" என்று கேட்டாள் நாச்சியார்.

"ஏன்?"

"சாமியெல்லாம் கும்பிடுதீக."

"பேரப்பிள்ளை வரப்போகுதுல்ல. எல்லாம் அவன் செயல்."

"அது சரி. எலுமிச்சம்பழத்தை ஓரமாக் கட்டினா ஆகாதா? நட்டநடுவுல தொங்குதே."

"சாமிக்குக் குடுக்கிறத ஓரத்துலயாட்டி குடுப்பாக?"

நாச்சியார் மாலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் மார்க் தொண்ணூற்றாறு. அடுத்த வாரம் நூறு. காரைக் குருடாக்கி, அதன் வாயாலேயே நல்ல ஓட்டுநர் என்று பெயர் வாங்கினார். எதிரியின் பீரங்கிக்குத் துணி அடைத்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

நாச்சியாருக்கும் பக்தி தொற்றிக்கொண்டது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் ஆண்டாள் கோயிலுக்குப் போவதாக வேண்டுதல் என்றாள்.

"வா, நானே கொண்டுபோய் விடுதேன்."

"வேண்டுதல்னா பஸ்லதாங்க போகணும். சொகுசாப் போனா பலிக்காது."

சமுத்திரம் வற்புறுத்தவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் வீடு நிம்மதியாக இருந்தது. கோயிலுக்குப் போகிறவள் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போனது மட்டும் உறுத்தியது. முழங்கால் வலிக்கு நல்லது என்றாள். திரும்பி வந்து வலது கெண்டைக்காலில் தைலம் தேய்த்தாள். "அம்புட்டுச் சுத்து சுத்துனேன்" என்றாள். அவரும் பிரகாரத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வளைகாப்பு நாள் வந்தது. ஐந்து வகைச் சாதமும், வளையல் பெட்டியும், சீர்த்தட்டும் ஏறின. சமுத்திரம் புது எலுமிச்சை மாலை கட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி, சம்பந்திக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு, வயிறு முட்டப் பொங்கலும் சாப்பிட்டார். வத்திராயிருப்புச் சாலையில் தை மாசத்து வெயில் இதமாக முகத்தில் விழுந்தது. அறுப்பு முடிந்து பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். லாரியாக இருந்தால் உறுமிக்கொண்டே இருக்கும். இது சத்தமில்லாமல் தாலாட்டியது.

"ஏங்க!"

அவர் கண்ணைத் திறந்தபோது ஸ்டியரிங்கில் நான்கு கைகள் இருந்தன. எந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. கார் நெல்மேல் ஏறி நின்றிருந்தது. பத்தடி தூரத்தில், நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் பலகையோடு உறைந்து நின்றாள். முதலில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

சமுத்திரம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லடாக்கில்கூட ஸ்டியரிங்கை விடாத கை. எழுப்பியிருக்க வேண்டிய குரலின் வாயை அடைத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும். நாச்சியாருக்குத் தெரியாது என்பது ஒன்றே ஆறுதலாக இருந்தது.

நாச்சியார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பிறகு கையை நீட்டி, பிள்ளையாரை நாலு விரற்கடை தள்ளி வைத்தாள்.

"சோர்வாக இருக்கிறீர்கள். ஓய்வு எடுக்கவும்" என்றது கார்.

"பிள்ளையாருக்கு வெயில் அடிச்சுது. அதான்" என்றாள் நாச்சியார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்ச தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

ஆனால் மனித மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கம் கிடையாது. வளைகாப்பு முடிவதற்குள் காலையில் நடந்தது பாதி மறந்துவிட்டது. கண்ணு செத்த நேரம் அசந்தது, அம்புட்டுத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு மாரிக்கனி எழுந்து நின்றாள். சம்பந்தி கண்ணுச்சாமி சத்தமாகச் சொன்னார்:

"பட்டாளத்து டிரைவர் ஓட்டிட்டுப் போகப்போறாரு. நமக்கு என்ன பயம்?"

இந்த வார்த்தைக்குத்தானே மூன்று மாசமாக எலுமிச்சை கட்டினார்! சமுத்திரம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாச்சியாரிடம் கொடுத்துவைத்திருந்த சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அவிய எங்க அண்ணாச்சி ஓட்டப்போறாக?" என்றாள் நாச்சியார். "அவியளுக்கு வேண்டுதல் இருக்கு."

"என்ன வேண்டுதல்?" என்று கேட்டார் கண்ணுச்சாமி. சமுத்திரமும் அதைத்தான் கேட்க வாயெடுத்தார்.

"பேரப்பிள்ளை நல்லபடியாப் பொறக்கணும்னு ஆண்டாள்கிட்ட வேண்டிருக்காக. வளைகாப்பு முடிஞ்சதுல இருந்து, பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடமாட்டாகளாம். உசுரா நினைச்ச தொழிலையே சாமிக்குக் குடுத்துட்டாக. மூணு மாசமா வண்டிக்கு எம்புட்டுப் பூஜை பண்ணுதாகன்னு எங்க தெருவுல கேட்டுப் பாருங்க."

கூடியிருந்த பெண்கள் ஒருசேரக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள் சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாரிக்கனி வளையல் குலுங்க வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகவாப்பா?"

வேண்டுதல் பொய் என்றால், எலுமிச்சை எதற்கு என்று கேட்பார்கள். எலுமிச்சை எதற்கு என்று சொன்னால், மகள் பிடித்த கையை விட்டுவிடுவாள். வயிற்றுப் பிள்ளையை வைத்துச் சொன்ன வேண்டுதலைப் பொய் என்று சொல்ல, பெற்ற தகப்பனுக்கு எப்படி நாக்கு எழும்பும்?

"ஆமா தாயி" என்றார் சமுத்திரம்.

"அப்ப வண்டிய யாரு ஓட்டுதது? ஆள் அனுப்பட்டா?" என்றார் கண்ணுச்சாமி.

நாச்சியார் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீசில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸ். நாற்பத்தெட்டு நாள் எந்தப் பிரகாரத்தைச் சுற்றினாள் என்பது சமுத்திரத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

காருக்குப் பக்கத்தில் அவளை மடக்கி, மெல்லிய குரலில் கேட்டார்.

"மாலை விஷயம் உனக்கு எப்பட்டி தெரியும்?"

"மொத நாளே தெரியும். 'ரேடார் மறைக்கப்பட்டுள்ளது'ன்னு தெனமும் போன்ல வருதுல்ல."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்களா எடுத்துருவீகன்னு பார்த்தேன்."

"எடுக்காம இருந்தும் காலைல என்கூட வந்தியே?"

"அப்ப வண்டில இருந்தது நான் மட்டுந்தான" என்றாள் நாச்சியார். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவள் மாலையை அவிழ்த்தாள். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பிள்ளையாரை எடுத்து, இடது சீட்டில் உட்கார்ந்த சமுத்திரத்தின் மடியில் வைத்தாள். நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்தார்கள். நான்கையும் ஒரே சீராக நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது.

நல்லாத்தான் ஓட்டினாள். அதுதான் அவருக்கு எரிந்தது. நெல் காய்ந்த இடத்தில் ஒரு மணி சிதறவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ரோட்டைவிட அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வலது கால் மட்டும் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. மீசையைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே வழி, சீட் பெல்ட் போடாமல் இருப்பது. கார் கீங் கீங் என்று கத்தியது.

"போடுங்கப்பா" என்றாள் பின்னாலிருந்து மாரிக்கனி.

"லடாக்குல நான் பெல்ட்டா போட்டேன்?"

கண்ணுக்கு எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வந்த பிறகுதான் போட்டார். அதற்குமேல் அந்தச் சத்தத்தை அவராலேயே தாங்க முடியவில்லை.

ராஜபாளையத்தில் ஆரத்தி எடுத்து மகளை வீட்டுக்குள் அழைத்தார்கள். மாரிக்கனி அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா! இந்த ட்ரிப்புக்கு உனக்குத் தொண்ணூத்தெட்டு மார்க்கு!"

சமுத்திரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம் வந்தது.

"மிச்சம் ரெண்டு எங்க போச்சு? உங்க அம்மா என்ன தப்புப் பண்ணுனாளாம்? வாசிட்டி, சத்தமா வாசி."

மாரிக்கனி வாசித்தாள்: "பக்கத்து இருக்கையில் இருப்பவர் சீட் பெல்ட் அணியவில்லை."