பெரிய சாமிக்கு ஒரு ரக்பி

காற்றடிக்க அடிக்கப் பந்து நீண்டுகொண்டே போனதே தவிர, உருண்டையாகிற வழியைக் காணோம்.

“இன்னும் ரெண்டு அடி அடிங்க பிச்சை,” என்றார் ஞானமணி.

“இதுக்கு மேல அடிச்சா பந்தும் இருக்காது, பக்கத்துல நிக்கிற நீங்களும் இருக்க மாட்டீங்க மாஸ்டர்,” என்று சைக்கிள் கடை பிச்சை பம்பைக் கீழே வைத்தான்.

ஞானமணி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர், அதுவும் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்க வேண்டியவர் பெரிய சாமி. பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகரில் பிறந்து, புதுக்கோட்டைச் சந்தையில் தமிழ் கற்றுக்கொண்ட பாதிரியார். அவருடைய அண்ணன் கப்பலில் அனுப்பிய பந்து, பார்சலைப் பிரித்த கையோடு ஸ்டோர் ரூம் மூலைக்குப் போயிருந்தது.

கப்பலில் நசுங்கியதால்தான் மூலைக்குப் போனது என்று ஞானமணி தாமாகவே தீர்ப்பெழுதினார். பந்தைச் சரிசெய்து கொடுத்தால் சாமியின் மனம் குளிரும், வேலையும் கெட்டியாகும் என்று யாரையும் கேட்காமல் தூக்கி வந்துவிட்டார்.

கடைசி முயற்சியாக இருவரும் ஆளுக்கொரு முனையில் நின்று அமுக்கினார்கள். பந்து நழுவி, குடித்தவனைப் போல ரோட்டில் அங்கிட்டும் இங்கிட்டும் குதித்து, அந்தப் பக்கமாக வந்த பெரிய சாமியின் காலடியில் போய் நின்றது.

சாமியின் முகம் வெளுத்தது.

“மாஸ்டர்... இது ரக்பிப் பந்து. உங்களுக்கு அந்த ஆட்டம் தெரியுமா?”

அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே ஞானமணிக்கு அந்த நொடியில்தான் தெரியும். ஆனால், தற்காலிக ஊழியன் எந்தக் கேள்விக்காவது ‘தெரியாது’ என்று சொல்லுவானா?

“தெரியுமாவா! கொழும்புல தொரைமாரோட ஆடியிருக்கேன் சாமி!”

கொழும்பில் அவர் பார்த்ததெல்லாம் மாமாவின் மளிகைக் கடை மட்டுந்தான்.

சாமி சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணோரம் நீர் துளிர்த்தது. திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

“பாத்தீங்களா, ஆனந்தக் கண்ணீரு!” என்றான் பிச்சை.

அவன் பார்த்தது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாமி குருப்பட்டம் வாங்கி இருபத்தைந்து வருஷமாகிற வெள்ளிவிழா வருகிறது. பிறந்த மண்ணின் ஆட்டத்தை ஆடிக்காட்டி அவரை அசத்துவோம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. சொல்லிக்கொடுக்கத்தான் கொழும்பு மாஸ்டர் இருக்கிறாரே!

ஞானமணி ஆடிப்போனார். மஞ்சுவிரட்டில் பேர்போன நல்லதம்பியை அழைத்துக்கொண்டு சாமியிடமே போனார்.

“ஆட்டத்தோட வரலாற ஒங்க வாயால சொன்னா பயலுகளுக்கு உற்சாகமா இருக்கும் சாமி.”

சாமி துக்க வீட்டில் ஜெபம் சொல்லுகிற குரலில் சொன்னார்: “இங்கிலாந்துல ஒரு பள்ளிக்கூடம். பையன்கள் காலால பந்தாடிக்கிட்டிருந்தாங்களாம். ஒருத்தன் திடீர்னு பந்தைக் கையில தூக்கிட்டு ஓடினான்னு கதை சொல்லுவாங்க.”

“அது தப்பாட்டமுல்ல!” நல்லதம்பி அதிர்ந்தான். “அவனைப் போட்டு அடிக்கலையா சாமி?”

“அடிச்சாங்க. இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. அதுதான் ரக்பி.” சாமி பெருமூச்சு விட்டார். “எங்க ஊர்ல பூசைக்கு வராதவன்கூட இதுக்கு வருவான். கை ஒடிஞ்சவன் கட்டோட திரும்பி வருவான். என்ன மாயமோ, விட மாட்டாங்க.”

விதியையும் சொன்னார். முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவனின் காலைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும்.

காலில்தான் வந்தது வினை. கண்மாய் மடைத் தண்ணீருக்காக முறைத்துக்கொண்டிருந்த கீழ்க்கரை ஒரு கட்சி, மேல்கரை ஒரு கட்சி. ஒத்திகையில் பந்தை வாங்கியவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தன்னந்தனியாக ஓடினான். மற்றவர்கள் மரியாதையாகக் கூடவே ஓடி வழியனுப்பினார்கள்.

“ஏன்டா, காலைப் புடிச்சா என்ன?” என்று கத்தினார் ஞானமணி.

“நல்லா இருக்கே! மேல்கரைக்காரன் காலை நான் புடிக்கவா? மடைத் தண்ணிக்கு மன்னிப்புக் கேட்டான்னு மூணு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவாய்ங்க மாஸ்டர்!” என்றான் நல்லதம்பி.

ஞானமணி தலையைச் சொறிந்தார். மூளை பளிச்சிட்டது. மஞ்சுவிரட்டில் மாட்டின் கழுத்துத் துண்டு, அதை அவிழ்த்தவனுக்குத்தானே சொந்தம்?

“அப்ப காலு வேணாம். பந்துல ஒரு புதுத் துண்டைக் கட்டுறேன். எடுத்தவனுக்கே துண்டு!”

வெள்ளிவிழா வந்தது. கோயில் பொட்டலில் கொட்டு முழங்க, கழுத்து நிறைய மாலையோடு சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞானமணி பந்தை வீசினார். நல்லதம்பி பிடித்தான். முதலில் அவன் மேல் பாய்ந்தவர்கள் அவனுடைய கட்சிக்காரர்களே.

“டேய், நீங்க ஒரே கட்சிடா!”

“துண்டுக்கு ஏது மாஸ்டர் கட்சி?”

மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்க்கிறவனும் குதிக்கலாம் என்பது அந்தச் சீமையின் வழக்கம். குதித்தார்கள். பிச்சையும் குதித்தான். புழுதிக்குள் ஆட்டத்தைக் காணோம். வேட்டிகள் மட்டும் தனித்தனியே வெளியே வந்தன. அந்தக் குவியலிலிருந்து பிதுங்கித் தெறித்த பந்து, துண்டோடு நேரே சாமியின் மடியில் விழுந்தது.

சாமி பந்தைப் பார்த்தார். எழுந்து திரும்புகிற கூட்டத்தைப் பார்த்தார். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கோயிலை நோக்கி எடுத்தார் ஓட்டம்!

“சாமியே ஆட வந்துட்டாருடோய்!”

இரண்டு கரையும் துரத்தியது. கோயில் வாசற்படியில் தடுக்கி, பந்தின் மேல் சாமி விழ, அவர் மேல் கண்மாய்ப் பாசனம் மொத்தமும் விழுந்தது.

“ஐயோ, போச்சே!” என்று ஞானமணி ஆள் ஆளாகப் பிடித்து இழுத்து, அடியிலிருந்த வெள்ளிவிழா நாயகரைத் தோண்டி எடுத்தார். உதடு கிழிந்திருந்தது. ஒரு செருப்பைக் காணோம். பந்து மட்டும் மார்போடு இருந்தது.

சாமியார் பங்களாவில் கட்டிலில் படுத்த சாமி, கட்டிலோரம் நின்ற ஞானமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், எனக்காக ஊரையே ஒண்ணு சேர்த்திருக்கீங்க. உங்க வேலை இன்னைக்கே நிரந்தரம். இனிமே என் சந்தோஷத்துக்காக மட்டும் தயவுசெஞ்சு எதுவும் செஞ்சிடாதீங்க.”

என்ன தன்னடக்கம்! ஞானமணி குனிந்து அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே, “அடுத்த ஆட்டம் எப்ப சாமி?” என்று இரண்டு கரையும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தது.

மஞ்சள் பற்றுக் குழைத்துக்கொண்டு வந்த பங்களாச் சமையல் பார்க்கிற குசினிக்காரி இன்னாசியம்மாளிடம் ஞானமணி நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: “பிறந்த மண்ணு ஆட்டத்து மேல இந்த வயசுலயும் என்னா ஆசை! எப்படி ஓடுனாரு பாத்தீங்களா?”

“ஆசையா? அவுக அண்ணன் இந்த ஆட்டத்துக்கு இழுத்தப்ப இதே மாதிரி ஓடித்தான் கோயிலுக்குள்ள பூந்தாராம். அன்னைக்கு உள்ள போனவருதான் மாஸ்டர், சாமியாராத்தான் வெளிய வந்தாரு!”