பரீட்சைக்கு முன்னால் ஒட்டிய போஸ்டர்

மூலக்குளம், புதுச்சேரி

காரைக்காலில் பெயிண்ட் கடை வைத்து ஊரையே பளபளக்கச் செய்யும் சக்கரபாணி பெரியப்பா அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் அபி பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, எங்களோடு தங்கிப் படிக்கும் உங்கள் மகன் வெற்றிவேல் அண்ணன் எல்லாரும் சுகம். என் இடது காது மட்டும் அம்மா திருகியதில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அங்கே உங்கள் சர்க்கரையும் பெரியம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிளஸ் டூவில் இங்கிலீஷில் மட்டும் கவிழ்ந்த அண்ணன் துணைத்தேர்விலும் தேறாவிட்டால் கடையில் உட்காரவேண்டியதுதான் என்று போனில் சொன்னீர்களாம். அன்றே புத்தகத்தை மூடிவிட்டான். 'ஸ்டிக்' என்கிற ஒரே வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் அர்த்தம் போட்டிருப்பதைப் பார்த்து, "ஒட்டறதுன்னா ஒட்டறது, அதுக்கு மேல எனக்கு ஏறாது, நான் எழுதப் போறதில்ல" என்று படுத்துக்கொண்டான். சும்மா சீண்டலாமே என்று நான் அன்வருதீன் பாய் பிரிண்டிங் கடைக்குப் போய், 'துணைத்தேர்வில் இங்கிலீஷை வென்ற எங்கள் வெற்றிவேல்' என்று முப்பது போஸ்டர் கேட்டேன். பரீட்சையே இன்னும் வரலியேம்மா என்றார் பாய். ஜெயிச்சப்புறம் எல்லாருந்தான் ஒட்டுவாங்க பாய் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஃபோட்டோவுக்குக் கூலிங் கிளாஸ் போடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் சுவர் சுவராக ஒட்டிவிட்டு, ஒரு நாள் சிரிப்போடு முடியும் என்று நினைத்தேன். வில்லியனூர் ரோட்டு டீக்கடையில் அண்ணனுக்குக் கை குலுக்கினார்கள், எதிர்வீட்டு அமுதவல்லி அக்கா கேசரி கொண்டுவந்தார், விஷயம் தெரியாமல் அவன் இரண்டு கிண்ணம் தின்றுவிட்டான், தெரிந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. பாஸாகாமல் பாஸ் கேசரி தின்றவன் தெருவில் எப்படி நடப்பது என்று புலம்பிக்கொண்டே வாளியும் தகரமுமாக என்னையும் இழுத்துக்கொண்டு சுரண்டக் கிளம்பினான். மைதாப் பசை, பெரியப்பா, உங்கள் பிரைமர்கூட அப்படிப் பிடிக்காது. ஃபோட்டோவில் இருந்த அவன் மீசை மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது. சுரண்டச் சுரண்டப் பாடம் எடுத்தேன்: சுவரில் போஸ்டர் நிற்பது ஸ்டிக், டிராஃபிக்கில் பஸ் நிற்பதும் அதுதான், நீங்கள் அதட்டும்போது இவன் தொண்டையில் வார்த்தை நிற்பதும் அதுதான். ஏழாவது சுவரில் அண்ணன் தகரத்தைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் தலைமுழுகினப்புறமும் ஒருத்தர் கூடவே நின்னா, அதுக்கும் அதானா?"

"அதுக்கும் அதான்."

"அப்பிடின்னா எங்கப்பாவ வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

வாயாடி என்று பேர் வாங்கிய எனக்கே வரவில்லை, பெரியப்பா.

அன்றிலிருந்து உட்கார்ந்து படித்தான். போன திங்கட்கிழமை பரீட்சையில் கூடுதல் தாள் கேட்டு வாங்கினானாம். ரிசல்ட் வருவதற்குள் கடைச் சாவியை நீட்டிவிடாதீர்கள். பாஸானால் பி.காம். சேரட்டும், இல்லாவிட்டால் இன்னொரு தடவை எழுதட்டும். இது வெறும் வேண்டுகோள்தான், முடிவு உங்களுடையது. இனி போஸ்டர் பக்கமே போவதில்லை என்று அம்மாவிடம் சத்தியமும் செய்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு வணக்கமும், உங்கள் காலில் விழுந்த கணக்கில் ஒரு கும்பிடும்.

தங்கள் திருந்திய மகள்,
அபி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அதற்குள் நீங்கள் அடுத்த வாரம் வருவதாக அப்பா சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பதறாதீர்கள். 'பாஸோ ஃபெயிலோ, மகனோடு கூடவே நிற்கும் எங்கள் பெரியப்பாவுக்கு நன்றி' என்று மூலக்குளம் முழுக்க ஒட்டியாச்சு. நான் ஏணி மட்டும்தான் பிடித்தேன். பசை தடவியது அண்ணன்.