கைகாட்டியின் மூக்கு

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் கைகாட்டி பார்க்காத உள்ளங்கை கிடையாது. ரேகை பார்க்கிறவராக இருந்திருந்தால் நாலு தலைமுறைக்குப் பலன் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் நக இடுக்கில் இருக்கிற அழுக்கை மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. ஒரே நீளக் கூடம், இருபத்திரண்டு கட்டில். பாதிப் பேர் எழுந்து நடமாட முடியாதவர்கள். நான் அங்கே கிளார்க். அவர் ஆண் நர்ஸ். ஆறடி உயரம், ஒல்லி உடம்பு, இரு முனையும் வானத்தைப் பார்க்கிற மீசை. கூடத்து வாசலில் ஒரு கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பார். "கையக் காட்டு" என்பார். காட்டினால், "கழுவு" என்பார். கழுவிவிட்டுக் காட்டினால், "இன்னொரு வாட்டி" என்பார். திருப்தியானால் மீசையை ஒரு முறுக்கு முறுக்குவார். உள்ளே போகலாம் என்று அர்த்தம். ரயில் போகிற ஊரில், சிக்னல் கம்பம் மாதிரி இப்படி நிற்கிறவருக்குக் கைகாட்டி என்று பெயர் வராமல் இருக்குமா? பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆள் பார்த்து மறிக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஒரு பொங்கலுக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் மாலையும் போட்டோகிராபருமாக, முதியவர்களுக்குப் பழம் கொடுக்க வந்தார்.

"ஐயா, கையக் காட்டுங்க."

"நான் யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியுங்க ஐயா. நீங்க வரீங்கன்னு நேத்தே சொன்னாங்க. அதான் சோப்பு புதுசா வெச்சிருக்கன்."

ஆபீஸ் சுவரில் அந்தப் போட்டோ வெகுநாள் தொங்கியது. அதில் பிரமுகர் குனிந்து கை கழுவிக்கொண்டிருப்பார். பழம் எங்கேயும் தெரியாது.

வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டரில் வருகிற டாக்டரம்மாவுக்கும் இதே மரியாதைதான். "வாட்சைக் கழட்டுங்கம்மா" என்றார் முதல் நாளே. "நான் டாக்டர்பா" என்றார் அவர். "ஆமாம்மா. டாக்டருக்கும் வாட்சுக்கு அடியில வேர்க்குமில்ல" என்றார் இவர். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றினார். மறு வாரத்திலிருந்து வாட்சை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

காசிம் பாய் என்று ஒருவர் இருந்தார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்; இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் மகன் பிரியாணி கொண்டுவருவார். வாசலில் கை மறிக்கும்.

"சாப்ட்டப்புறம்தானண்ணே கழுவணும்?"

"அது உனக்கு. இது உங்க அத்தாவுக்கு."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மழைக்காலத்தில் காசிம் பாயின் படுக்கைப்புண் சீழ் பிடித்தது. பென்சிலின் போட்டார்கள். ஆறவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள். அதற்கும் அசையவில்லை. இரண்டு வாரத்தில், நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்த செல்லம்மாவின் குதிகால் புண்ணும் அதே மாதிரி ஆனது. செல்லம்மா கடலோரக் குப்பத்துக்காரி, கூடை சுமந்து மீன் விற்றே காலத்தை ஓட்டியவள், சர்க்கரை வியாதி. பிறகு இன்னும் இரண்டு பேருக்கு வந்தது.

டாக்டரம்மா சீழை எடுத்துப் பட்டணத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மகிட்ட இருக்கற எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது. ஒரே ஒரு ஊசி கேக்கும் போல. சொல்லி வரவழைக்கணும்."

ஊசி வந்தது. செல்லம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் கேட்டது. காசிம் பாய்க்கு நேரம் கடந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் போய்விட்டார். வயதும் ஒரு காரணம் என்றார் டாக்டரம்மா.

கைகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "வயசு பாய்க்குத்தாம்மா. கிருமிக்கு இல்ல. அது எங்கயோ இருந்து வந்திருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய போர். புண் வந்தவர்களைக் கூடத்தின் ஒரு கோடிக்கு மாற்றித் தட்டி வைத்து மறைத்தார். ஆளுக்கொரு பேசின், ஆளுக்கொரு கத்தரி; எல்லாவற்றிலும் கட்டில் எண்ணைப் பெயிண்டால் எழுதினார். போர்வைகளை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார். ஒரே கத்தியில் எல்லோருக்கும் சவரம் செய்த நாவிதரைத் தடுத்தார். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. கிழவர்கள் எல்லோரும் தாடி வளர்த்து, முதியோர் இல்லம் ஆசிரமம் மாதிரி ஆகிவிட்டது. வழிதவறி வந்த ஒருவர் சாமியார் என்று நினைத்து எங்கள் பன்னிரண்டாம் எண் கட்டிலை விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்படியும் ஐந்தாவதாக ஒருவருக்குப் புண் சீழ் பிடித்தது.

"உடம்பு நல்லா இருக்கறவங்க மூக்குலயே இது குடியிருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டரம்மா. வேலை செய்கிற ஒன்பது பேருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார். அந்த ஒன்பதில் அவர் மூக்கும் ஒன்று. சமையல்காரர், "என் மூக்குல சளிதாம்மா இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று சத்தியம் செய்தார். எனக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அதனால் எல்லோருக்கும் என் மேல்தான் சந்தேகம். கைகாட்டி என் நாற்காலியைத் தூக்கி வேப்ப மரத்தடியில் போட்டுவிட்டார். ஒரு வாரம் அங்கேயிருந்துதான் ஆபீஸ் நடந்தது. பயத்தில் நான் மூச்சைக்கூட அரை அரையாகத்தான் விட்டேன்.

கவர் வந்தது. பிரித்தேன். எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவது பெயரைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. மேஜைக்கு எதிரே கைகாட்டி நின்றிருந்தார்.

"படிங்க சார்."

"தப்பா வந்திருக்கும்போல இருக்கு. மறுபடியும் எடுக்கச் சொல்லலாம்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தன்னை யாருமே கூப்பிடாத அந்தப் பெயரை மெதுவாக ஒரு முறை படித்தார். வலது கை தானாக மீசைக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

டாக்டரம்மாதான் சொன்னார். "நீங்க நல்லாத்தான் கழுவறீங்க. கழுவின கையால உடனே மூக்குக்கிட்ட போய் மீசைய முறுக்கிக்கறீங்க. அதே கையால கட்டுப் போடறீங்க. நானும் வர்றப்பல்லாம் பாத்தேன். எனக்கும் தோணலியே."

அன்றைக்கே கிணற்றடியில் உட்கார்ந்து மீசையை வழித்தார். அப்புறம் கூடத்துக்குள் வராமல், ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இந்தப் புண்ணு என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. பாய்க்கும் என்னாலதான் வந்திருக்கும். மூக்கு சரியாவறவரைக்கும் நான் உள்ள வர மாட்டன்."

செல்லம்மாதான் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஊரு கையெல்லாம் பாத்த. ஒம் மூஞ்சிய பாக்கலியா நீ?"

"பாக்கலக்கா."

"மூக்குக்குள்ள கீறத யாரு கண்டா. சோறு துன்னியாபா?"

அவர் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு காசிம் பாயின் மகன் கடைக்குப் போனார். உள்ளே ஏறாமல் படியிலேயே நின்று, ஒரு சொல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். மகன் துணியை மடித்தபடியே கேட்டார். மடித்து முடித்தும் கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அதாம்பா வந்தன்."

"புண்ணக் கழுவறப்ப வலிக்காம பாத்துக்குவாருன்னு அத்தா சொல்வாரு." சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பி டீ வரவழைத்தார். கிளாஸ் விளிம்பில் பழைய டீயின் கறை இருந்தது, எனக்கே தெரிந்தது. கைகாட்டி எதுவும் சொல்லாமல் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மூக்கில் தடவக் களிம்பு கொடுத்தார் டாக்டரம்மா. கைகாட்டி சொந்த ஊரான சுத்துக்கேணிக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒரு நர்ஸ் பெண் வந்தாள். கெட்டிக்காரி, கை பூப்போல இருக்கும். புதிதாக யாருக்கும் புண் வரவில்லை. வந்தவையும், செல்லம்மாவின் குதிகால் தவிர, ஒவ்வொன்றாக ஆறின. கைகாட்டியின் மூக்கை இன்னும் இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று வந்தது.

அவர் திரும்பி வருகிற நாள் காலையில், கட்டு மாற்றப் போன நர்ஸ் பெண்ணைச் செல்லம்மா தடுத்துவிட்டாள். "இன்னிக்கு வாணாம்மா. அவன் வந்து போடட்டும்."

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர், முழங்கை வரை தேய்த்துக் கழுவி, இரண்டு கையையும் முகத்துக்கு எட்டாமல் முன்னால் நீட்டியபடி கூடத்துக்குள் போனார். செல்லம்மாவின் காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். ஆபீஸில் எனக்கு அன்றைக்கு நிறைய வேலை இருந்தது. ஆனாலும் அவர் புதுக் கட்டின் கடைசி முடிச்சைப் போடும் வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.