'மாத்தி' என்று கத்திய நாள்

தன் வேலையில் தான் ஒரு நிபுணன் என்று ஒருவன் நம்பத் தொடங்குகிற காலம்தான் ஆபத்தான காலம். எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே வந்துவிட்டது. மலேசியாவின் சாஆ ஊரில், எண்ணெய்க்கான செம்பனைக் குலை வாங்கும் ஒரு நிலையம். இது நடந்த அன்று மாலைதான், என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி முடிவு செய்யவேண்டும்.

லாரித் தராசின் கணினியை லினக்ஸுக்கு மாற்றியது நான்தான். (யாரும் கேட்கவில்லை.) தராசிலிருந்து ஒரு சீரியல் வயர் வரும்; ஓட்டுநர் பார்க்கும் எண்பலகைக்கு இன்னொன்று போகும். இரண்டுக்கும் ஒரே மாதிரி யூஎஸ்பி அடாப்டர். எது முதலில் விழிக்கிறதோ அதற்கு பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று லினக்ஸ் பெயர் வைக்கும். அந்தப் பெயர்களை நிரந்தரமாக்க வழியுண்டு. அதெல்லாம் எதுக்கு லா என்று விட்டிருந்தேன்.

அன்று காலை கணினியைப் போட்டதும் பெயர்கள் இடம் மாறிவிட்டன. தராசில் லாரி நிற்கிறது, திரையில் எடை இல்லை. பின்னால் வரிசையாக ஹாரன். முதலாளி கைகட்டி நின்றார். மேசைக்கடியில் குனிந்திருந்த எடைக் கணக்கு எழுதும் கிராணி செல்வியிடம் கத்தினேன்.

"ரெண்டு வயரையும் மாத்தி! மாத்தி சொருகுங்க!"

வாசல் காவலர் ரோஸ்லான் மலாய்க்காரர், உதவுகிற மனிதர். மலாயில் 'மாத்தி' என்றால் செத்துப்போவது; விளக்கு, மின்சாரம் அணைவதற்கும் அதே சொல்தான். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

மின்சாரம் திரும்பியபோது, செல்வி மாற்றிச் சொருகிய வயரெல்லாம் சரிதான். ஆனால் தராசு, லாரியையும் சேர்த்தே பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் பலகையைப் பார்த்தார்.

"அலமாக்! நான் என்ன காத்தையா ஏத்திட்டு வந்தேன்?"

எனக்கு அழுகை வந்தது. மிகையில்லை, உண்மையாகவே வந்தது.

முதலாளி வாய் திறக்குமுன் ரோஸ்லான் முந்திக்கொண்டு மலாயில் அடித்துச் சொன்னார்: "வயர் எரியப் பாத்துச்சி, போஸ். இவர்தான் மாத்தினு கத்துனாரு. இல்லாட்டி எல்லாம் சாம்பல்."

முதலாளி என் தோளைத் தட்டினார். மாலையில் கடிதம் வந்தது: 'பாதுகாப்பில் விழிப்புள்ளவர். நிரந்தரமாக்கப்படுகிறார்.' நான் மறுக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் செல்வி. மூச்சு விடவில்லை. அந்த நல்ல மனசுக்காகத்தான் பிறகு அவளைக் கட்டிக்கொண்டேன் என்பது என் கட்சி. வாயை அடைக்கத்தான் என்பது அவள் கட்சி.

கல்யாணப் பந்தியில் ரோஸ்லான் அந்த நெருப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னார். இப்போதும் விருந்தாளிகளிடம் நான் லினக்ஸ் பெருமை பேச ஆரம்பித்தால், செல்வி எழுந்துபோய் ஹால் விளக்கை அணைத்துவிடுவாள். பிள்ளைகள் இருட்டில் கைதட்டுவார்கள்.