எண்பது வீத வரவு

"கமரா போடாத ஆளுக்கு இன்னைக்கு வரவு இல்ல," என்று போனுக்குள்ளிருந்து விரிவுரையாளர் மேடம் அறிவித்தார்.

சுகந்தினி அப்பாவின் போனை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள். அந்த ரப்பர் தோட்டத்தில் சிக்னலே குதிரைக் கொம்பு. லய வீடுகளுக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி நின்றால்தான் மேடத்தின் குரலாவது கேட்கும். இந்த அழகில் கமரா வேறு! எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. இன்றுதான் கடைசி வகுப்பு. தவறினால் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கமராவைப் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் டேட்டா தீர்ந்தது.

விழாத குறையாகப் பாறையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு ஓடினாள். ஹில்மியின் ஆட்டோ புறப்படத் தயாராக நின்றது.

"ஹில்மி நானா, ஹொட்ஸ்பொட் போடுங்க! பதினஞ்சு நிமிசம் போதும்!"

"போடலாம். ஆனா கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஹயர் போறேனே. முக்தார் மொதலாளி ஏறிட்டாரு."

"அப்ப நானும் வாறேன்!"

"சொல்லாம கூட்டிட்டுப் போனா ஐயாவு அண்ணன் என்னயத்தான் ஏசுவாரு."

"அப்பா போன் என்கிட்டதான் இருக்கு. எப்புடி ஏசுவாரு? ஆட்டோவ எடுங்க நானா!"

பின் சீட்டில் எழுபது வயது முக்தார் மொதலாளி, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். ஹில்மியின் ஹொட்ஸ்பொட்டில் வகுப்பு மறுபடி வந்தது. கூடவே மழையும் வந்தது. சாரல் போன் மேலேயே அடித்தது. ஆட்டோவின் பக்கத்துப் படங்குத் திரையை இறக்கிக் கட்ட இரண்டு கையும் வேண்டும்.

"மொதலாளி, இதக் கொஞ்சம் புடிச்சுக்கிங்க!"

அவர் போனை முகத்துக்கு நேரே, கண்ணாடி பார்ப்பதுபோலப் பிடித்தார்.

"எத அமுக்கணும் மகள்?"

"ஒண்ணையும் அமுக்காதீங்க!"

அமுக்கிவிட்டார். மைக் திறந்துகொண்டது. அவர் இருமிய இருமல் நாற்பது மாணவர்களுக்கும் கேட்டது. படங்குக் கயிறு ஒரு கையில் சிக்கியிருக்க, சுகந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் போச்சு!

திரையில் மேடத்தின் முகம் மலர்ந்தது.

"அடடா, ஐயாவு ஐயா, வணக்கம்! இவ்வளவு நாளா திரையில பேரைத்தான் பாத்தேன், இப்பதான் முகத்தைப் பாக்கிறேன். இந்த வயசிலயும் படிக்க வர்றீங்களே! லிஸ்ட்ல உங்க பேர் விடுபட்டிருந்தது, நானே சேர்த்துட்டேன். எண்பது வீதம் வந்துட்டுது, தாராளமா பரீட்சை எழுதுங்க. சுகந்தினின்னு ஒரு பிள்ளை இருக்கு, அதுதான் ஒரு நாள்கூட வகுப்புப் பக்கம் எட்டிப் பாக்கல்ல!"