என் வாசலும் அதற்கு மேல் ஒரு சாணும்

மரியாதைக்குரிய ஷிகேனோ அக்காவுக்குத் தம்பி மசுசோ வணங்கி எழுதுவது.

கியோத்தோவில் நமக்குக் கடை கிடைக்கவில்லை. வாசல் பெருக்கியதால் கெட்டது.

விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இனி முறைப்படி விசாரிக்கிறேன். மழை விட்டு நம் ஊர் சகாயில் வெயில் ஏறியிருக்கும். அத்தானின் முழங்கால் எப்படி? கடையில் விற்கிற கடற்பாசிக் கட்டுகளை ஈரம் படாமல் அடுக்கியிருப்பாய். சாலையை அகலப்படுத்த நம் கடையை இடிக்க இன்னும் ஆறே வாரம் என்பது எனக்கு மறக்கவில்லை. நான் கிளம்பும்போது நீ சொன்னாய், “அங்க போய் வாயை மூடிக்கிட்டு இரு, போதும்” என்று. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கையைக் கட்டிக்கொள்ளச் சொல்ல நீ மறந்துவிட்டாய்.

நிஷிஜின் சந்தில் கிதாசுமே அம்மாளின் வீட்டு முன்னறை காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்ததும், அதை ஒட்டிய வீட்டையே ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்தேன். சந்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் நான் எங்கே கடை போட்டிருக்கிறேன்? வெளியே பார்த்தால் கொள்ளுத்தாத்தா காலத்து மரச்சட்டம். உள்ளே எல்லாம் புதுசு. கழிவறைக்குள் கால் வைத்தால் மூடி தானாக எழுந்து நிற்கிறது. நாற்பது வருஷ வியாபாரத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்கு அப்படி எழுந்து நின்றதில்லை. குளியல் தொட்டி பெண்குரலில் “வெந்நீர் தயார்” என்கிறது. நானும் தினமும் “சரிம்மா, வரேன்” என்கிறேன். கதவுக்குச் சாவி இல்லை, ஆறு எண்கள். முதல் நாள் காலை ஆறு மணிக்கு வீட்டு அங்கியோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன், பின்னால் கதவு தானே பூட்டிக்கொண்டது, எண்கள் எழுதிய சீட்டு உள்ளே, போனும் உள்ளே. சுத்தம் செய்கிற பெண் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். அரைகுறை உடையில் சந்தில் சும்மா நிற்கிறவனை என்னவென்று நினைப்பார்கள்? மூலையில் துடைப்பம் இருந்தது. எடுத்தேன். துடைப்பம் கையில் இருந்தால் எவனும் கேள்வி கேட்கமாட்டான்.

என் வாசல் பத்தே நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. கிதாசுமே அம்மாளின் வாசலையும் முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன்; இடம் கேட்கப் போகிறோம், கொஞ்சம் நல்ல பெயர் சேரட்டுமே. அங்கே ஒரு சிவப்பு வாளியில் பழைய தண்ணீர் நின்றது. அதையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அடடா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே! கை வலிக்கலையா?”

“இது என்னங்கம்மா பெரிய வேலை! இருக்கிற வரைக்கும் நானே பெருக்கிடறேன்.”

அவர் கழிவறை மூடியையும் மிஞ்சி மரியாதை செய்தார். முன்னறை நம் கையில் என்று நினைத்தேன். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தால், என் வாசல் பளபளக்கிறது! ஒரு பெண்மணியிடம் ஓசியில் வேலை வாங்குவேனா? அடுத்த நாள் ஐந்துக்கு அவர் வாசலை முடித்தேன். அதற்கடுத்த நாள் நாலரைக்கு என் வாசலை அவர் முடித்திருந்தார். ஐந்தாம் நாள் அரைவெளிச்சத்தில் இருவரும் துடைப்பத்தோடு நேருக்கு நேர். சந்தில் மிச்சம் இருந்தது ஒரே இலை. அதை நான் அந்தப் பக்கம் தள்ள, அவர் இந்தப் பக்கம் தள்ள, கால் மணி நேரம் போயிற்று.

எதிர்வீட்டு தோஃபு கடைக்காரர் குவாதா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“யோவ் சகாய்க்காரரே, இந்தச் சந்து முழுசையும் விலைக்கு வாங்கிட்டீரா? இங்க அவங்கவங்க வாசல், அதுக்கு மேல பக்கத்து வாசல்ல ஒரு சாண். அவ்வளவுதான். அந்தச் சாணை விட்டா ‘நீ யாரோ’ன்னு சொல்றது. முழுசா பெருக்கினா ‘உன் வாசல் நாறுது’ன்னு சொல்றது. அஞ்சு நாளா அந்தம்மாகிட்ட நாறுது நாறுதுன்னு சொல்லிட்டிருக்கீர்.”

“அந்த வாளி?”

“அது தீயணைக்கிற வாளி. அதைக் கவுத்துட்டு, வீடு எரிஞ்சா எரியட்டும்னுட்டீர்.”

“அப்ப அவங்க என்னைத் திட்டியிருக்கலாம்ல?”

“விருந்தாளியைத் திட்ட இந்தத் தெருவுல யாருக்கு வாய் வரும்?”

இனிப்புப் பெட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டேன், கையோடு முன்னறையையும் கேட்டேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். குவாதாவிடம் சொன்னதும் அவர், “ரயில் எத்தனை மணிக்கு?” என்று விசாரித்தார்.

‘யோசிச்சு’ என்றால் இங்கே ‘இல்லை’ என்று அர்த்தமாம். ஆகவே நாளை மதியம் வந்துவிடுகிறேன். பேரங்காடியில் நம் சரக்கை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் என்று உன் மகன் சொன்ன அலமாரிக்கே கையெழுத்துப் போட்டுவிடு. அப்பா படத்துக்கு என் பங்குக்கும் தேநீர் வை. அத்தான் மின்விசிறிக்கு நேரே முழங்காலை நீட்ட வேண்டாம். எல்லோரும் சுகமாக இருங்கள்.

தோற்றுத் திரும்பும் தம்பி,
மசுசோ

பின்குறிப்பு: கையெழுத்துப் போடாதே! கிதாசுமே அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் வந்துபோனார். “விருந்தாளின்னு அஞ்சு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், என் இடுப்பு போச்சு. வாடகைக்கு இருக்கிறவர்னா நல்லா திட்டலாம். முன்னறையை எடுத்துக்கோங்க” என்றார். பேசி முடித்தது: மாதம் எண்பதாயிரம் யென், மூன்று மாத முன்பணம். ஆறரைக்கு முன் துடைப்பத்தைத் தொடக்கூடாது. சிவப்பு வாளியை எப்போதுமே தொடக்கூடாது. தப்பு செய்தால் அவர் நேராகத் திட்டலாம், நான் நின்று கேட்கவேண்டும். அவர் வாசல் முழுக்க இனி என் பொறுப்பு, பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஒரு சாண். சாண் என்பது அவர் கையளவு, என் கையளவு அல்ல.